அப்பத்தா சேலைதான் வேண்டும் என்கிறாள்

கேள்வி:

என் மகளுக்கு 6 வயது, ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். காரைக்குடிப் பக்கம் மாமியாருடன் சேர்ந்து இருக்கிறோம். இந்தப் பொங்கலன்று மாமியார் தன்னுடைய பழைய கண்டாங்கிச் சேலையை மடித்து, பின்கொசுவம் வைத்து அவளுக்குக் கட்டிவிட்டார். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். பொங்கல் பானையில் அரிசி போட்டாள், வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டு நீட்டினாள். மறுநாளிலிருந்து பிடித்தது வினை. பள்ளி விட்டு வந்ததும் சேலை கட்டிவிடச் சொல்கிறாள். கவுன் போட்டால் 'இது பாப்பா டிரஸ்' என்று கழற்றி வீசுகிறாள். அப்பத்தா மாதிரியே இடுப்பில் சாவிக்கொத்து, முந்தானை முடிச்சில் 5 ரூபாய். நான் வேலைக்குப் போகிறவள், சுடிதார்தான் போடுவேன். அடுத்த மாதம் அவளுக்குப் பிறந்தநாள். பள்ளிக்கே சேலையில்தான் போவேன் என்று அழுகிறாள். மாமியாருக்கு ஏகப் பெருமை. என் அம்மாவோ, 'சின்னதிலேயே சேலை சுத்துனா சீக்கிரம் சடங்காயிருவா' என்று பயமுறுத்துகிறார். கணவர் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார். தடுப்பதா, விடுவதா? குழந்தைத்தனம் இப்போதே போய்விடுமோ என்று இருக்கிறது.

– ஒரு தாய், சிவகங்கை மாவட்டம்

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

கடைசி வரியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குழந்தைத்தனம் எங்கேயும் போகவில்லை. நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பதே அதுதான்.

சேலை கட்டிப் பார்க்க ஆசைப்படாத பெண்பிள்ளை நம் ஊரில் உண்டா? துண்டு ஒன்று கிடைத்தால் போதும். இடுப்பில் ஒரு சுற்று, தோளில் ஒரு வீச்சு, கையில் அடிஸ்கேல். கதவு கரும்பலகை, திண்ணைத் தூண்கள் மாணவர்கள். இன்னொரு துண்டைத் தலையில் கட்டித் தொங்கவிட்டால் நீளச் சடை. நானும் அப்படி டீச்சராகி, வீட்டுப்பாடம் செய்யாத ஒரு தூணை அடித்த அடியில் ஸ்கேல் ஒடிந்துபோய், அன்றைக்கு நிஜ அடி எனக்கு விழுந்தது. செப்புச் சாமானில் மண்சோறு ஆக்கியதும் பொம்மைக்குக் கல்யாணம் செய்ததும் இதே வகைதான். சங்கப் பாட்டிலேயே பெண்பிள்ளைகள் மணலில் சிற்றில் கட்டிக் குடித்தனம் நடத்துகிறார்கள்.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933இல் ஆற்றிய ஓர் உரையில், விளையாடும்போது குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாகிவிடுகிறது என்று சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த கருத்து அது. 2017இல் வெளியான ஓர் ஆய்வும் இங்கே பொருந்தும். 4 வயதும் 6 வயதுமான 180 குழந்தைகளுக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்றை 10 நிமிடத்துக்குக் கொடுத்தார்கள். வேண்டும்போது எழுந்துபோய் வீடியோ கேம் விளையாடலாம் என்று ஆசையும் காட்டினார்கள். பேட்மேன் போன்ற பாத்திரமாகத் தங்களைப் பாவித்துக்கொண்ட பிள்ளைகள்தான் மற்றவர்களைவிட அதிக நேரம் வேலையில் நின்றார்கள். உங்கள் மகளுக்கு அப்பத்தாதான் பேட்மேன்.

சரி, விளையாட்டுதான் என்று சொல்லி இத்தோடு முடித்துவிடலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் சில விஷயங்களில் எனக்குக் கண் நின்றுவிட்டது. பானையில் அரிசி, வெற்றிலைத் தட்டு, இடுப்புச் சாவி, முந்தானையில் காசு. இதில் அலங்காரம் ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா? மை, வளையல், லிப்ஸ்டிக், ஹை ஹீல்ஸ் என்று அவள் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்பதெல்லாம் அதிகாரம் உள்ள ஒருவரின் சாமான்கள்.

பொங்கலன்று நடந்ததை அவள் பக்கமிருந்து பாருங்கள். சேலை கட்டியதும் அடுப்புப் பக்கம் வரவிட்டார்கள். அரிசி போடச் சொன்னார்கள். வெற்றிலைத் தட்டு கைக்கு வந்தது. வந்தவர்கள் குனிந்து அவளிடமிருந்து வெற்றிலை எடுத்தார்கள். மறுநாள் கவுன் போட்டுக்கொண்டு அதே அடுப்பங்கரைக்குப் போயிருப்பாள். என்ன கேட்டிருக்கும்? 'போடி அங்கிட்டு, கைய கிய்ய சுட்டுக்காத!' நான் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. ஆனால் எந்த வீட்டிலும் அப்படித்தானே சொல்வோம்? ஆறு வயது மூளை இதை எப்படிக் கணக்குப் போடும்? சேலை கட்டினால் உள்ளே வரலாம், கவுன் போட்டால் வெளியே. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. பெரியவர்கள் நாம்தான் அப்படிப் போட்டுக் கொடுத்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், உங்களுக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். அவள் உங்களைப் போல் ஆக விரும்பவில்லை. உங்கள் சுடிதாரையும் துப்பட்டாவையும் அடையாள அட்டையையும் மாட்டிக்கொண்டு ஆபீஸ் விளையாட்டு விளையாடியிருக்கலாமே? ஏன் அப்பத்தா? வீட்டில் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். யார் முந்தானையை அவிழ்த்துப் பால்காரருக்குக் காசு கொடுக்கிறார்? பண்டிகைக்கு யார் சொன்ன நேரத்துக்குப் பானை ஏறுகிறது? வீட்டில் யாருடைய பேச்சு எடுபடுகிறது என்பதைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். தவிர, நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் மாலை நேரத்தில் அவள் கண்முன் நடமாடுவது அப்பத்தாதான். இதில் நீங்கள் வருந்த ஒன்றுமில்லை. இரண்டு வருஷம் கழித்து உங்கள் லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு அலைவாள், அப்போது வேறு பிரச்சினை.

அதனால் என் முதல் ஆலோசனை சேலையைப் பற்றியதே அல்ல. கவுன் போட்டிருக்கும்போதும் அவளுக்கு வீட்டில் ஒரு பொறுப்பு வேண்டும். சும்மா ஒப்புக்குக் கொடுக்கிற வேலை வேண்டாம், பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும். அவள் செய்யாவிட்டால் நிஜமாகவே நின்றுபோகிற வேலையாக இருக்க வேண்டும். விளக்குக்குத் திரி திரிப்பது, முருங்கைக்கீரை உருவுவது, பூண்டு உரிப்பது, இரவு எத்தனை பேர் சாப்பிடப்போகிறார்கள் என்று எண்ணித் தட்டு வைப்பது, கோலத்துக்குப் புள்ளி வைப்பது. இதெல்லாம் 6 வயதுக் கைக்கு அடங்கும். (மகன் இருந்தாலும் இதே பட்டியல்தான் கொடுத்திருப்பேன்.) தினமும் ஒரே வேலை, அதற்கு அவளே பொறுப்பு. அவள் திரி கோணலாக இருந்தாலும் அதைத்தான் ஏற்ற வேண்டும். பின்னால் போய் நீங்கள் திருத்தித் திரித்தீர்களானால் ஆட்டம் கலைந்தது.

சாவி கேட்கிறாளே, சாவியும் கொடுங்கள். திண்டுக்கல் உங்களுக்குப் பக்கம்தான். சின்னதாக ஒரு பூட்டு, ஒரு தகரப் பெட்டி. திரிக்கான பஞ்சு, கோலப்பொடி, வேண்டுமானால் கொஞ்சம் கடலைமிட்டாய் அதில் இருக்கட்டும். சாவி அவளிடம். உங்களுக்குக் கோலப்பொடி வேண்டுமென்றால் அவளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். மாமியாரும் கேட்டுத்தான் வாங்க வேண்டும், அதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

இனி சேலைக்கு வருகிறேன். வீட்டில் கட்டட்டும். ஆனால் அளவைப் பாருங்கள். சாதாரணச் சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர், அகலம் ஏறக்குறைய 115 சென்டிமீட்டர். உங்கள் மகளின் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். அதாவது சேலையை விரித்துப் பிடித்தால் உச்சந்தலை வரை வரும். பாதியாக மடித்துக் கட்டினால் கனம் முழுவதும் இடுப்பில் இறங்கும். கண்டாங்கி வேறு கெட்டி நூல். அப்பத்தாவின் நைந்துபோன பழைய கண்டாங்கி ஒன்று நிச்சயம் இருக்கும், அதில் இரண்டரை மீட்டரைக் கிழித்து ஓரம் அடித்துக் கொடுங்கள். அகலத்தையும் குறைத்துவிட வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலையைக் கிழிப்பதா என்று யாராவது கேட்டால், பேத்தி கட்டிக் கிழிப்பதைவிட அதற்கு என்ன மரியாதை வேண்டும் என்று அப்பத்தாவே பதில் சொல்லிவிடுவார்.

உள்ளே நாடா வைத்த பாவாடை வேண்டாம். சேலை நிற்க வேண்டுமென்று நாடாவை இறுக்குவோம். வருஷக்கணக்காக இறுக்கிக் கட்டியே நம்மில் பல பேருக்கு இடுப்பில் கறுத்த வளையம் விழுந்திருக்கிறது, பிள்ளைக்கு அது எதற்கு? அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தைத்த பாடி வைத்த பாவாடைதான் சரி. கனத்தைத் தோள் தாங்கும், சேலையைச் செருகவும் இடம் இருக்கும். ஊக்கும் குத்தாதீர்கள். ஓடும்போது திறந்துகொண்டால் எங்கே குத்தும் என்று சொல்ல முடியாது. தோளில் ஒரு பட்டனும் காஜாவும் போதும்.

சில இடங்களில் மட்டும் கறாராக இருங்கள். அடுப்புப் பக்கமும் குத்துவிளக்குப் பக்கமும் முந்தானையோடு போகக்கூடாது. நைலான், பாலியஸ்டர் துணி என்றால் கட்டவே விட வேண்டாம், தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மாடிப்படி, ஊஞ்சல், சைக்கிள் கூடாது. சேலையோடு வண்டியில் உட்காரவைக்கவே கூடாது. பைக்கின் பின்சக்கரத்தில் சாரி கார்டு என்று ஒரு தடுப்பு இருக்கிறதே, நம் மோட்டார் வாகன விதிகளே அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன என்றால் எத்தனை முந்தானைகள் சக்கரத்தில் சிக்கியிருக்கும் என்று யோசியுங்கள். பெரியவர்களுக்காவது முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்ளத் தெரியும்.

பிறந்தநாளுக்குப் பள்ளிக்குச் சேலையில் அனுப்பலாமா? நான் என்றால் அனுப்ப மாட்டேன். மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்பதற்காக அல்ல. பள்ளி விழாக்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. காலை 8 மணிக்குக் குழந்தைக்குச் சேலை கட்டி, 20 ஊக்கு குத்தி, தண்ணீர் குடிக்காதே என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மதியம் வரை பிள்ளை ஒன்றுக்குப் போகாமல் காலைப் பின்னிக்கொண்டு நிற்கும். அடக்கி அடக்கி, மேடையிலேயே நனைத்துக்கொண்ட குழந்தையும் உண்டு. ஓட முடியாது, சாப்பிடும்போது உட்கார முடியாது.

இதை அவளிடம் அப்படியே சொல்லலாம். 'நீ சின்னப்பிள்ளை, சேலையெல்லாம் கட்டக்கூடாது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் போராட்டமே அந்தச் சொல்லை எதிர்த்துத்தான். 'எந்த டிரஸ்ஸை நீயே போட்டு, நீயே பாத்ரூம் போய்ட்டு வந்து, நீயே சரி பண்ணிக்கத் தெரியுமோ அதைத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போடணும். அப்பத்தா சேலையை அப்பத்தாவே கட்டிக்கிறாங்களா, யாராச்சும் கட்டிவிடுறாங்களா?' என்று கேளுங்கள். யோசிப்பாள். 'நானே கட்டக் கத்துக்கிறேன்' என்று சொன்னால், அடடா, அதைவிட என்ன வேண்டும்? சொருகவும் மடிக்கவும் விரல் பழகட்டும். முதல் கொசுவம் பிடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். பள்ளிக்குப் பட்டுப்பாவாடை, சட்டை. சாயங்காலம் கேக் வெட்ட, அவளுடைய இரண்டரை மீட்டர் சேலை.

உங்கள் அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அதைச் சும்மா மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை, அதற்குள் ஒரு பழைய ஒழுங்கு இருக்கிறது. நம்மிடம் உடையே வயதைச் சொல்லிற்று. பாவாடை சட்டை, அப்புறம் தாவணி, அப்புறம் சேலை. சடங்கு வீட்டில் தாய்மாமன் சீர் கொண்டுவந்து வைப்பார், பிள்ளை தாவணியோடு மணையில் உட்காரும். பார்த்துப் பார்த்து இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆனால் வயதுக்கு வந்ததால்தான் தாவணி போட்டார்கள். தாவணி போட்டதால் யாரும் வயதுக்கு வரவில்லை. பூப்பெய்துவது உடம்புக்குள் சுரக்கும் ஹார்மோன்களின் வேலை, மேலே எந்தத் துணி என்பது அவற்றுக்குத் தெரியாது. 8 வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்கினால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கவுன் போட்ட பிள்ளைக்கும் இதே விதிதான்.

அந்தப் படிக்கட்டில் நடுப்படி இப்போது காணாமல் போய்விட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாவணி போட்ட அக்காக்களை உங்கள் மகள் எங்கே பார்க்கப்போகிறாள்? கல்யாண வீட்டில் பார்த்தால் உண்டு. கவுனுக்கும் கண்டாங்கிக்கும் நடுவில் அவள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, அதனால் ஒரே தாவு. நம் பழைய உலா இலக்கியங்கள் 5 முதல் 7 வயது வரை 'பேதை' என்று ஒரு பருவத்தைத் தனியாக வைத்து, அந்த வயதுக்கு என்று பொம்மையையும் விளையாட்டையும் எழுதிவைத்திருக்கின்றன.

எனக்கு உண்மையில் கவலை தருவது கணவரின் ஸ்டேட்டஸும், சுற்றியிருப்பவர்களின் வாயும்தான். என் அக்கா மகன் 5 வயதில் ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டி கட்டிக்கொண்டு வீட்டையே வலம் வருவான். தெருவில் இறங்கினால் மடித்துக் கட்டுவான், எதிரே தாத்தாவைக் கண்டால் சட்டென்று இறக்கிவிடுவான். யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்தவர்கள் எல்லாம், 'என்ன பெரியவரே, பஞ்சாயத்துக்குக் கிளம்பியாச்சா?' என்பார்கள். பெண்பிள்ளை சேலை கட்டினால் என்ன சொல்கிறோம்? 'கல்யாணப் பொண்ணு மாதிரியே இருக்கா.' 'மாமன் மகனுக்கு இப்பவே பேசி வச்சிருவமா?' 'யப்பா, இடுப்பப் பாரு.' சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் தப்பான எண்ணம் ஏதும் இருக்காது. ஆனால் சாவியும் அதிகாரமும் கேட்டு வந்த பிள்ளையிடம், பெரியவளாவது என்றால் மணப்பெண்ணாவது என்று நாம் பதில் சொல்லி அனுப்புகிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் அப்படிப் பேசினால் சிரித்துக்கொண்டே திருப்பிவிடுங்கள்: 'பொண்ணு இல்ல, எங்க வீட்டுக் கணக்கப்பிள்ளை.'

ஸ்டேட்டஸ் விஷயத்தைக் கணவரிடம் நேராகவே பேசிவிடுங்கள். அவர் போனில் எத்தனை எண்கள் இருக்கும்? கேஸ் போடுகிறவர், என்றோ குழாய் சரிசெய்ய வந்தவர், பழைய ஆபீஸில் கூட இருந்தவர். இவர்கள் எல்லாரும் அவர் மகளைப் பார்க்க வேண்டுமா? அதோடு, கேமராவைத் தூக்கியதும் விளையாட்டு நடிப்பாக மாறிவிடும். பிறகு, சேலையை எனக்காகக் கட்டுகிறேனா, அப்பாவின் போனுக்காகக் கட்டுகிறேனா என்று அவளுக்கே தெரியாமல் போகும். வீடியோ எடுக்கட்டும், வீட்டோடு இருக்கட்டும்.

எப்போது என்னைப் போன்ற ஆலோசகர்களிடம் வர வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். சேலையை அவிழ்த்தால் மூச்சுமுட்ட அழுது, தூங்கும்போதும் கழற்ற விடாமல் இருந்தால். தன் வயதுப் பிள்ளைகளோடு விளையாடுவதை அடியோடு விட்டுவிட்டால். 'நான் பெரிய பொண்ணு, அதனால இதை யாருகிட்டயும் சொல்லக்கூடாதாம்' என்கிற மாதிரி ஏதாவது பேச்சு வந்தால். கடைசியாகச் சொன்னது வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம், 1098 குழந்தைகள் உதவி எண்ணையும் நினைவில் வையுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எந்த அறிகுறியும் தெரியவில்லை. அவள் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு திரிகிற விதத்தை நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், நல்ல தெம்பான பிள்ளை என்றுதான் தோன்றுகிறது.

மாமியாரிடம் ஒரு வேலையை ஒப்படையுங்கள். கட்டிவிடுவதை நிறுத்திவிட்டு, சொல்லிக்கொடுக்கிறவராக மாறச் சொல்லுங்கள். பின்கொசுவம் ஏன் பின்னால் வைக்கிறோம், வயலிலும் அடுப்படியிலும் குனிந்து நிமிர அது எப்படித் தோதாக இருந்தது, முந்தானையில் காசு முடிந்துகொள்ளும் பழக்கம் எப்போது வந்தது, முதல் சேலை யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று பேத்தியிடம் பேசட்டும். மாலை நேரத்துக்கு அருமையான கதை. முடிந்தால் ஒரு நாள் வேலை விட்டுச் சீக்கிரம் வந்து நீங்களும் கூட உட்காருங்கள். பின்கொசுவம் உங்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன், எனக்கும் தெரியாது.

பாடி வைத்த பாவாடை என்றால் இப்போதைய டெய்லர்கள் சிலர் முழிப்பார்கள். பழைய சட்டை ஒன்றை அளவுக்குக் கொண்டுபோய், கையில்லாத பனியன் மாதிரி மேலே வைத்து அதோடு பாவாடையைச் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். தோளில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்து விடச் சொன்னால் அடுத்த பொங்கலுக்கும் ஆகும்.